நடுவீட்டில் சனி

தம்பி,

நேற்றுக் காலையில் சென்னையிலிருந்து போன் செய்து, "ஞாயித்துக்கெழமை பொண்ணு வீட்டுல இருந்து வர்றப்ப மட்டும் அந்தப் படத்தைக் கழட்டி பீரோவுக்குப் பின்னாடி வச்சிருங்கம்மா, அவுக போனதும் மாட்டிக்கலாம்" என்று சொன்னாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை, எனக்குத்தான் பொங்கியது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் கையில் கிடைக்கும்படி கூரியரில் போடுவேன். ஆனால் இதை ஒளித்து மறைத்து எழுதவில்லை. இதில் ஒரு நகல் உன் அத்தைக்கு, ஒரு நகல் தேவதானப்பட்டியில் பெண் வீட்டாருக்கு. ஊரில் யார் கேட்டாலும் வாங்கிப் படிக்கட்டும்.

யார் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால் அது என்ன படம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கூடத்தில் பக்கவாட்டுச் சுவரில், டி.வி.க்கு மேலே, கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று இத்தனை வருஷமும் தொங்கியது. முழுக்கக் கருப்பு. நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு உருண்டை, அதைச் சுற்றி அகலமான வளையம், வளையத்துக்குள் வளையமாக எண்ணிக்கையில் அடங்காத கோடுகள். அது சனிக்கிரகம். ஆளில்லாத ஒரு விண்கலம் அங்கேயே போய்க் கிட்டத்தில் நின்று எடுத்து அனுப்பிய போட்டோ. படத்தின் கீழ் மூலையில், கண்ணாடிக்கு உள்ளே, கட்டைவிரல் அளவில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவர் எப்படி அங்கே வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். போன வாரம் பெண்ணின் தாய்மாமன் வீடு பார்க்க வந்தார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, இது என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நடுவீட்டுல சனியை மாட்டி வச்சிருக்கீகளே, தாயி. தகப்பன் இல்லாத புள்ளைன்னு சொன்னாக. ஏன் இல்லைன்னு இப்பத்தான தெரியுது" என்றார். மறுநாள் தரகர் வந்து சொன்னார், படத்தை இறக்கிவிட்டுப் பரிகாரமும் செய்தால் நிச்சயத்துக்கு வருவார்களாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். அவர் உனக்கும் போன் செய்திருக்கிறார் என்பது உன் குரலிலேயே தெரிந்தது.

குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போக நான் ஒருநாளும் மறுத்தவள் இல்லை. சாமியோடு எனக்கு எந்த வழக்கும் கிடையாது. ஆடிச் சனிக்கிழமைகளில் எத்தனையோ தடவை எள் விளக்கு ஏற்றியிருக்கிறேன். காக்கைக்கு வைக்காமல் நான் சோற்றில் கை வைத்த நாள் குறைவு. நீ சின்னப் பையனாக இருந்தபோது உனக்கு ஏழரைச் சனி என்று ஜோசியர் சொல்ல, உன்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். உன் அத்தைதான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சந்நிதி நெருங்கியதும் உன் தாடையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். "நேரா பாக்காதடா. ஒதுங்கி நின்னு கும்புடு. நேருக்கு நேரா பாத்தா புடிச்சுக்குவாரு." நாங்கள் எல்லோருமே அப்படித்தான் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கும்பிட்டோம். வெளியே வந்து ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது நீ உங்கப்பாவின் வேட்டியை இழுத்து, "நான் பாத்துட்டேன்ப்பா" என்றாய். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உங்கப்பா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பிடிலே இருந்தாரு?" என்று கேட்டார். "கருப்பா இருந்தாரு. பாவமா இருந்தாரு. ஆருமே அவரைப் பாக்க மாட்டேங்குறாக" என்று சொன்னாய். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வரும் என்று அத்தை வீட்டுக்கு வந்து காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அந்த விண்கலம் கிளம்பியது அதே வருஷம் என்று பிறகு கல்லூரியில் படிக்கும்போது நீயே கணக்குப் பார்த்துச் சொன்னாய். நாம் குச்சனூர் போய்வந்து சில மாதங்களில் அது கிளம்பியிருக்கிறது. போய்ச் சேர ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று என்றாய். உங்கப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏழரைக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சா, வெவரமான மிஷினுதான்" என்றார். அவர் சொன்னதற்கு நாம் மூவரும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று நினைவிருக்கிறதா. நம் வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை.

கம்பம் டவுனில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நீ அவரைக் கூட்டிக்கொண்டு போன கதையை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று கையை ஆட்டிக் காட்டுவார். அந்த நாளில் ஒரு படம் வருவதற்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். "என்னலே, ஒண்ணுமே இல்லையே, கருப்பாத்தான வருது" என்று கேட்டாராம். "பொறுங்கப்பா" என்றாயாம். கருப்பு, இன்னும் கருப்பு, அப்புறம் மஞ்சளாக ஒரு கீற்று, அது தடித்துத் தடித்து உருண்டையாகி, குறுக்கே வளையம் விழுந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "வரைஞ்சதா, எடுத்ததா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "எடுத்ததுப்பா. அங்கனயே போய் எடுத்தது." "அப்ப அந்தக் கேமரா நேருக்கு நேரா நின்னுச்சா?" "நின்னுச்சு." "அதுக்கு ஒண்ணும் ஆகலையா?" "ஒண்ணும் ஆகலை. இன்னும் அங்கனயேதான் சுத்திக்கிட்டு இருக்கு." வீட்டுக்கு வந்ததும் என்னிடம், இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டப் போகிறேன் என்றார். தம்பி, இதைக் கவனி. மாட்ட வேண்டும் என்றது உங்கப்பா. நீ கொண்டுவந்து மாட்டினாய் என்று ஊர் சொல்லிச் சொல்லி, இப்போது நீயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ சி.டி.யில் பதிந்து கொண்டுபோய் ஸ்டுடியோவில் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு வந்தாய். சட்டம் போடுவதற்கு, சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கடையில் உங்கப்பா கொடுத்தார். கடைக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, எந்தச் சாமி என்று கேட்டிருக்கிறார். இவர் சும்மா இருக்காமல் சனி என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் பட்டென்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். இருந்தாலும் பழகின மனுசர், மறுக்கவில்லை. திரும்ப வாங்கப் போனபோது பார்த்தால் மூலையில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். "சனிக்கே தண்ணி காட்டுனவரு அவரு ஒருத்தருதான். என் கடையில இருந்து வெறும் சனி வெளிய போகக் கூடாதுண்ணே" என்றாராம் அவர். நீ குதித்தாய். வெறும் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையாரை ஒட்டிவைத்தால் விஞ்ஞானம் என்ன ஆவது என்று கேட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். உங்கப்பா தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னார்: "அதுக்கு எத்தனையோ நெலா இருக்குன்னு நீதானலே சொன்ன. அதுல இவரும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்." பிள்ளையார் இன்னும் அங்கேதான் நிலாவாக இருக்கிறார். தாய்மாமன் கண்ணுக்குச் சனி தெரிந்தது, பிள்ளையார் தெரியவில்லை.

நானும் முதலில் பயந்தவள்தான், அதை மறைக்கவில்லை. படம் சுவரேறிய மறுநாள், அதன் மேலே தேதிக் காலண்டரைத் தொங்கவிட்டு முக்கால்வாசி மூடிவிட்டேன். உங்கப்பா தோட்டத்திலிருந்து வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. காலண்டரை எடுத்து அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டு, "அவ்வளவு தூரம் போயி எடுத்துட்டு வந்துருக்காக. அதைப் போயி மூடி வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து வீடு கூட்டும்போது ஒரு தடவை அதை நேராகப் பார்ப்பது என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். பத்து நாள் பார்த்தால் எதுவும் பழகிப்போகும். பிறகு அது இல்லாத சுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் நீ லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு புதுப் படம் கொண்டுவருவாய். டைட்டன் என்று ஒரு நிலா, அதன் தரையில் ஒரு சின்னக் கலம் இறங்கி எடுத்த படம், உருண்டை உருண்டையாகக் கற்கள். உங்கப்பா பார்த்தவுடனே, "நம்ம சுருளியாறு வறண்டு கெடக்குற மாதிரியே இருக்குலே" என்றார். "அது கல்லு இல்லப்பா, ஐஸ்" என்றாய். "ஐஸா இருந்தா என்ன. உருண்டுதான வந்துருக்கு. அப்ப அங்கனயும் ஆறு ஓடிருக்கு." அவர் சொன்னதையேதான் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள் என்று நீ பேப்பரைக் காட்டினாய், அவர் அதற்காகத் தெருவில் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இன்னொரு நிலா, என்செலடஸ், முழுக்க வெள்ளைப் பனி, அடியில் மட்டும் கோடு கோடாக வெடிப்பு. மழைக்காலம் முடிந்து என் குதிகால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த வெடிப்பிலிருந்து பனித்தூள் பீய்ச்சி அடிக்கிற படத்தைக் காட்டினாய். "ஆரோ அங்கன கொடிக்கு மருந்தடிக்கிறான்" என்றார் உங்கப்பா. திராட்சை போட்டவன் கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்.

இப்போது ஆலங்கட்டி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஊரில் முதல் பேச்சு அங்கேதான் கிளம்பியது. காய் நிறம் ஏறி, இன்னும் சில நாளில் வெட்டு என்றிருந்த கோடையில், மத்தியானம் வானம் இருண்டு கல்மழை கொட்டியது. பந்தல் முழுக்கப் பழம் உடைந்து, தரையெல்லாம் சாறு. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். உங்கப்பா குனிந்து ஒரு கட்டியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இந்தா பாரு. அந்த வளையம் பூராம் இதுதானாம். இந்த மாதிரி கட்டியெல்லாம் சேந்து சுத்துறதுதான் நமக்கு வளையமாத் தெரியுதாம்" என்றார். நட்டம் வந்த அன்றைக்குப் பேசுகிற பேச்சா என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மறுநாள் உன் அத்தை வந்து, "பாத்தீகளா மதினி, வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சதுக்கு வேலையைக் காட்டிருச்சு" என்றாள். அந்த மழையில் அவள் தோட்டமும்தான் போயிற்று. அவள் வீட்டுச் சுவரில் முருகன் இருக்கிறார். அதைக் கேட்டேன். அதற்குப் பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் புரட்டாசியில் உங்கப்பா போய்ச் சேர்ந்தார். காலையில் மருந்தடித்துவிட்டுப் பந்தலுக்குக் கீழே கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் பீடி இருந்தது. தேனி டாக்டர், "நெஞ்சு சரியில்லை, பீடியை விட்டால் பிழைப்பீர்கள்" என்று அவரிடம் சொன்னது இந்தப் படம் நம் வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முந்தி. அப்போது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். எடுத்துப் பார்த்து நீயும் நானும் அவரிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். இதெல்லாம் உன் அத்தைக்கும் தெரியும். ஆனால் பீடிக் கட்டை யாரும் குற்றம் சொல்லவில்லை. வீட்டுக்குள் உடம்பு கிடந்தபோது, அவள் உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "சனியைக் கொண்டாந்து கண்ணுக்கு நேரா மாட்டி எங்கண்ணனைத் தின்னுட்டியேடா" என்று அழுதாள். அண்ணனைப் பறிகொடுத்தவள், அவள் அழுததில் நான் குறை காணவில்லை. அந்த வார்த்தை உன் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கருமாதி அன்றைக்கு யாரோ அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்திருந்தார்கள். சட்டத்தின் பின்பக்க அட்டைதான் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே நான் நாற்காலியைப் போட்டு ஏறி அதைத் திருப்பினேன். தாலி அறுத்த அன்றைக்கு ஒரு பொம்பிளை நாற்காலி மேல் ஏறி நிற்பதா என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். நான் இறங்கும்போது நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நீ வந்து என் கையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ வெளியே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ ஒரு படமும் கொண்டுவரவில்லை. அந்த விண்கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வானத்தைப் படிக்கப் போகிறேன், மேல்படிப்புக்கு அதைத்தான் எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், முதலில் கிடைத்த வேலையில் போய் உட்கார்ந்துகொண்டாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாய். சாப்பிட உட்காரும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாய். டி.வி.யில் கிரிக்கெட் ஓடினாலும் திரும்புவதில்லை. இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாயா? உன் அத்தை அன்றைக்குச் சொன்னதை நீ நம்பிவிட்டாய், தம்பி. என்ஜினியரிங் படித்தும் நம்பிவிட்டாய். பயத்தைக்கூட விட்டுவிடலாம், பழி உன்னை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் நான் மாட்டேன் என்கிறேன். இது வெறும் படமாக இருந்தால் நீ கேட்ட உடனே கழற்றியிருப்பேன். பெண் வீட்டாருக்குப் பச்சை வண்ணம் பிடிக்காது என்றால் சுவரையே மாற்றி அடித்திருப்பேன். ஆனால் இதை இறக்கினால், உன் தகப்பனைக் கொன்றது நீ என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தாய்மாமன் கேட்பது அதைத்தான். படத்தை இறக்கு, பரிகாரம் செய் என்றால், தப்பு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? என்ன தப்பு? ஒரு பையன் ஆசைப்பட்டு ஒன்றைப் பார்த்தான், தகப்பன் கூடவே நின்று பார்த்தான். இதற்குப் பரிகாரம் செய்ய நான் எந்தக் கோயிலுக்கும் வர மாட்டேன். கும்பிட வேண்டுமானால் நாளைக்கே வருகிறேன்.

ஒரு நாள்தானே என்று சொல்கிறாய். ஒரு நாளோடு நிற்கிற சங்கதியா இது? நிச்சயத்துக்கு ஒளித்தால் கல்யாணத்துக்கும் ஒளிக்க வேண்டும். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த பிறகும் ஒளிக்க வேண்டும். உங்களுக்குப் பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வந்தால், பீரோவுக்குப் பின்னால் இருக்கிற படத்தைத்தான் முதலில் நினைப்பாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் எதையும் ஒளித்துவைத்துத் தொடங்காதே. நானும் உங்கப்பாவும் சட்டி பானை பறக்கச் சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் ஒருத்தர் பயத்தை ஒருத்தர் ஒளித்ததில்லை. நான் காலண்டரால் மூடியதுகூட அவர் கண்முன்னால்தான்.

மகன் கல்யாணத்தைத் தாயே கெடுக்கிறாள் என்று உன் அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வீம்பு என்கிறாள். வீம்புதான். இந்த வீட்டில் ஒருத்தருக்காவது அது இருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், முந்தாநாள் கவிதா எனக்கு போன் செய்தாள். நீ பார்த்து, பிடித்து, சரி என்று சொன்ன அதே பெண்தான். மாடியிலிருந்து பேசினாள் போல, காற்றுச் சத்தம் கேட்டது. "அத்தை, மாமா ஏதோ படம்னு சத்தம் போடுறாக. அது வரைஞ்சதா, எடுத்ததா?" என்று கேட்டாள். உங்கப்பா கேட்டதை அப்படியே கேட்கிறாளே. "எடுத்ததுதான் ஆத்தா" என்றேன். "அப்ப நான் வந்து பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அவள் வீட்டார் அவளை விடுவார்களா, ஞாயிற்றுக்கிழமை வருவார்களா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் அந்தச் சம்பந்தம் போகட்டும் என்று சொல்ல என் வாய்க்குத் தைரியம் இருக்கிறது. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நேற்று போனை வைத்துவிட்டு என்ன செய்தேன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நீ சொன்னபடியே படத்தைக் கழற்றினேன். தூசி தட்டி, கண்ணாடியைத் துடைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு பொட்டு வைத்தேன். சுத்தியலை எடுத்து, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் புது ஆணி அடித்து, அங்கே மாட்டினேன். இனி இந்த வீட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அதன் பக்கத்தில் இன்னொன்றும் மாட்டியிருக்கிறேன். உங்கப்பா போன பிறகு அடுத்த மாதம் பேப்பரில் ஒரு படம் வந்தது. நீ கேட்பாய், கொடுக்கலாம் என்று வெட்டி பீரோவில் வைத்திருந்தேன், நீ கேட்கவே இல்லை. அந்த விண்கலம் சனிக்குப் பின்னால் போய், சூரியனைச் சனி மறைக்கும்போது, நாம் இருக்கிற திசையைப் பார்த்து எடுத்தது. நடுவில் சனி கருப்பாக நிற்கிறது, சுற்றி வளையம் தீபம் மாதிரி எரிகிறது. இடது பக்கம், பளிச்சென்ற வளையத்துக்கு வெளியே, ஊசி முனை அளவில் ஒரு புள்ளி. அதுதான் பூமி என்று கீழே போட்டிருந்தான். சனி பார்வை, சனி பார்வை என்கிறார்களே, அந்தப் பார்வைக்கு நாம் அவ்வளவுதான். அத்தனை தூரத்திலிருந்து இந்தப் புள்ளிக்குள் நம்ம ஊர் சுருளிப்பட்டியைத் தேடி, அதில் ஒரு திராட்சைப் பந்தலைத் தேடி, பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனுசனைப் பிடிக்க அது வந்ததாமா? வேறு வேலை இல்லையா அதற்கு?

படம் எடுத்தது செப்டம்பர் பாதியில் என்றும் அதில் போட்டிருந்தது. உங்கப்பா போனது அந்த மாதக் கடைசியில். தேதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். நேற்று அதையும் அதே கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். இந்தத் தடவை பிள்ளையார் வேண்டாம், அந்த இடத்தில் ஆள் இருக்கிறது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் வராவிட்டாலும் நீ வா. குனிந்துகொண்டு வராதே. குச்சனூரில் அத்தை தாடையைத் திருப்பியும் பார்த்த பையன் நீ. வாசலில் நின்று நிமிர்ந்து பார். அந்தப் புள்ளிக்குள் உங்கப்பா உயிரோடு இருக்கிறார், கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கிறார்.

உன்னைப் பெற்றவள்,
அதே வீட்டிலிருந்து.